தடிச்ச சாய்வு எழுத்தை எப்படி கையாளணும்? ஃபியூச்சரா போல்ட் ஓப்ளிக்கை வச்சு புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

சிவப்புப் பட்டை, அதுமேல வெள்ளையில தடியா, வலது பக்கம் லேசா சாஞ்ச எழுத்து. சுப்ரீம் டிஷர்ட்ல பார்த்திருப்பீங்க. அந்த பிராண்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க கூட அதோட டூப்ளிகேட்டை ஏதாவது ஒரு பிளாட்ஃபார்ம் கடையில பார்த்திருப்பாங்க. அந்த எழுத்து ஃபியூச்சரா குடும்பத்துல வர்ற தடிச்ச சாய்வு வகை. டிசைன் பண்ண வர்ற பலரும் ஆசைப்பட்டு முதல்ல எடுக்குறது இப்படி ஒரு எழுத்தைத்தான், எடுத்துட்டு போஸ்டர் முழுக்க அதையே போட்டு, அதுவும் நேரா இருக்குற எழுத்தை எடுத்து சாய்க்கிற பட்டனை அமுக்கி போட்டு, கடைசில ஏன் அந்த கெத்து வரலனு முழிக்கிறாங்க. காரணம் பெரும்பாலும் ரெண்டுதான். ஒண்ணு, அது வரைஞ்ச சாய்வா இருக்காது, மெஷின் இழுத்த சாய்வா இருக்கும். இன்னொண்ணு, அதைச் சுத்தி அமைதியே இருக்காது. இந்த ரெண்டையும் சரி பண்றது எப்படினு படிப்படியா சொல்றேன்.

முதல்ல இந்த எழுத்தைப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க

ஃபியூச்சராவை வரைஞ்சவர் பால் ரென்னர்னு ஒரு ஜெர்மன்காரர். 1927ல ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்த பாவர் எழுத்து வார்ப்பகம் அதை வெளியிட்டுச்சு. வட்டம், முக்கோணம், நேர்கோடு, இவ்வளவுதான் இதோட எலும்புக்கூடுனு பார்த்த உடனே தோணும். ஆனா பெருசாக்கி உத்துப் பாருங்க, கோடும் வளைவும் சேர்ற இடத்துல எல்லாம் தடிமன் கொஞ்சம் குறையும், காம்பஸை வச்சு இழுத்தா அப்படி வராது, கண்ணுக்குச் சரியா தெரியணும்னு ஒருத்தர் உக்காந்து திருத்தினதுனாலதான் வருது. தடிச்ச வகைகள்ல இது இன்னும் அதிகம், ஏன்னா அவ்வளவு மையை ஒரு சின்ன எழுத்துக்குள்ள அடைக்கும்போது உள்ள இருக்குற வெள்ளை இடம் அடைஞ்சு போகாம பார்த்துக்கணும். மெலிசான ஃபியூச்சராவுல இங்கிலீஷ் ஏ எழுத்தோட உச்சி ஊசியா இருக்கும், தடிச்சதுல அது மொட்டையா வெட்டின மாதிரி ஆயிடும், அந்த மொட்டை உச்சிதான் அதுக்கு ஒரு முரட்டுத்தனத்தைக் குடுக்குது.

இந்தச் சாய்வு எழுத்தை ஒரு குரலா மாத்தினவங்க பார்பரா க்ரூகர். நியூயார்க்ல பத்திரிகை டிசைனரா வேலை பார்த்துட்டு அப்புறம் ஓவியக் கலைக்கு வந்தவங்க. பழைய கறுப்பு வெள்ளை போட்டோ, அதுமேல சிவப்புப் பட்டை, அதுக்குள்ள வெள்ளையில ஃபியூச்சரா போல்ட் ஓப்ளிக், இதுதான் அவங்க ஸ்டைல். 1989ல வாஷிங்டன்ல கருக்கலைப்பு உரிமைக்காக பெண்கள் நடத்தின பேரணிக்கு அவங்க பண்ண போஸ்டர் ஒண்ணு இருக்கு, அவசியம் தேடிப் பாருங்க. ஒரு பெண்ணோட முகம், நேர் நடுவுல ரெண்டா பிரிஞ்சு ஒரு பாதி சாதாரண போட்டோவாவும் இன்னொரு பாதி நெகட்டிவாவும் இருக்கும், உன் உடம்பு ஒரு போர்க்களம்ங்கிற அர்த்தத்துல மூணு பட்டையில மொத்தமே அஞ்சு இங்கிலீஷ் வார்த்தை. மூணு பட்டையும் ஒரே நீளம் கிடையாது, வார்த்தை எவ்வளவோ பட்டையும் அவ்வளவுதான். முகம் அசையாம நேரா நம்மளைப் பார்க்குது, எழுத்து மட்டும் சாஞ்சு முன்னாடி வருது. இதைத்தான் நீங்க இந்த எழுத்துகிட்ட இருந்து கத்துக்கணும்: மத்ததெல்லாம் நிக்கும்போதுதான் சாய்வு தெரியும்.

1994ல மன்ஹாட்டன் லஃபாயெட் தெருவுல ஒரு ஸ்கேட்போர்டு கடையா சுப்ரீம் ஆரம்பிச்சப்போ அவங்க லோகோவுக்கு எடுத்தது இதே பாணியைத்தான், சிவப்புப் பெட்டி, வெள்ளை ஃபியூச்சரா சாய்வு. 2017ல க்ரூகர் நியூயார்க்ல பர்ஃபார்மாங்கிற கலை விழாவுக்காக பண்ண வேலையில அதே எழுத்தை மெட்ரோகார்டு (அந்த ஊர் மெட்ரோ ரயில் பயண அட்டை) மேல, ஒரு ஸ்கேட் பார்க் மேல எல்லாம் போட்டு, கடைக்காரங்க எடுத்துட்டுப் போனதைத் திரும்பத் தெருவுக்கே கொண்டு வந்தாங்க. எனக்கு இதுல இருந்து தோணுறது, எழுத்து ஒண்ணேதான், ஆனா அது கேள்வி கேக்குறதுக்கும் உதவும், சரக்கு விக்கிறதுக்கும் உதவும், எதுக்குனு முடிவு பண்ண வேண்டியது நீங்க.

படி 1: சாய்வுல ரெண்டு ஜாதி இருக்கு, எது உங்க கையில இருக்குனு பாருங்க

சாஞ்ச எழுத்து எல்லாமே இட்டாலிக்னு மெனுவுல போட்டிருப்பாங்க, ஆனா உள்ள ரெண்டு வகை. ஒண்ணு நேர் எழுத்தோட உருவத்தை அப்படியே வச்சுக்கிட்டு சாய்ச்சு, சாய்ச்சதுல கோணலானதைத் திருத்தி வரைஞ்சது, அதுதான் ஓப்ளிக், ஃபியூச்சரா, ஹெல்வெட்டிகா, யூனிவர்ஸ் எல்லாம் இந்த வகை. இன்னொண்ணு கையெழுத்துல இருந்து வந்த தனி உருவம், கில் சான்ஸோட இட்டாலிக்ல சின்ன ஏ எழுத்து மாடி இல்லாத ஒத்தை வயித்து ஏ ஆயிடும், சின்ன பி (p) எழுத்துல பேனா இழுத்த வால் தெரியும். முதல் வகை அதட்டும், ரெண்டாவது வகை பேசும். போஸ்டர், ஜெர்சி, தம்ப்நெய்ல் மாதிரி தூரத்துல இருந்து அடிக்க வேண்டிய இடத்துக்கு ஓப்ளிக், ஒரு புத்தக அட்டையில கொஞ்சம் மென்மையா ஒரு வரி சாயணும்னா ரெண்டாவது.

படி 2: எழுத்தை எடுங்க, ஆனா பட்டனை நம்பாதீங்க

ஃபியூச்சரா காசு குடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டிய எழுத்து. கத்துக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஜோஸ்ட். கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமா கிடைக்குது, ஃபியூச்சரா பாணியிலேயே வரைஞ்சது, 100ல இருந்து 900 வரைக்கும் தடிமன், அத்தனைக்கும் இட்டாலிக் இருக்கு, லைசென்ஸும் கமர்ஷியல் வேலைக்குப் பயன்படுத்துற மாதிரி திறந்த லைசென்ஸ். டவுன்லோட் பண்ண ஜிப்பைப் பிரிச்சா மேலயே வேரியபிள் ஃபைல் (எல்லா தடிமனும் ஒரே ஃபைல்ல) இருக்கும், உள்ள ஸ்டாட்டிக்னு ஒரு ஃபோல்டர் (ஒவ்வொரு தடிமனுக்கும் தனி ஃபைல்) இருக்கும். பழைய ஃபோட்டோஷாப், கோரல் வச்சிருக்கீங்கன்னா ஸ்டாட்டிக் ஃபோல்டர்ல இருந்து போல்ட் இட்டாலிக், எக்ஸ்ட்ரா போல்ட் இட்டாலிக், பிளாக் இட்டாலிக் மூணையும் இன்ஸ்டால் பண்ணிக்குங்க, போதும். ஃபியூச்சரா பாணி வேணாம், வேற முகம் வேணும்னா மான்ட்செராட், பாப்பின்ஸ், பார்லோ இதுங்கள்லயும் தடிச்ச இட்டாலிக் ஒழுங்கா வரைஞ்சு வச்சிருக்காங்க. ஒடுக்கமான இடத்துக்கு பார்லோ கண்டென்ஸ்ட் ரொம்ப நல்லா உக்காரும்.

இப்ப முக்கியமான இடம். தடிச்ச சாய்வு வேணும்னா ஃபான்ட் பேரைச் சொடுக்கி வர்ற ஸ்டைல் லிஸ்ட்ல இருந்து எடுங்க. ஃபோட்டோஷாப்ல கேரக்டர் பேனலுக்குக் கீழ வரிசையா டி டினு குட்டி பட்டன் இருக்கும் பாருங்க, அதுல முதல் ரெண்டும் ஃபாக்ஸ் போல்ட், ஃபாக்ஸ் இட்டாலிக், அதாவது இல்லாத எழுத்தை இருக்குற மாதிரி காட்டுற பட்டன், அதைத் தொடவே தொடாதீங்க. எம்எஸ் வேர்டு இன்னும் மோசம், இட்டாலிக் ஃபைல் இல்லனாலும் ஒரு வார்த்தை கூட சொல்லாம அதுவே சாய்ச்சுக் குடுத்துடும். கேன்வாவுல இட்டாலிக் பட்டன் மங்கலா இருந்தா அந்த எழுத்துல வரைஞ்ச சாய்வு இல்லனு அர்த்தம், அதோட விட்டுட்டு வேற எழுத்தைத் தேடுங்க.

வெப்சைட் பண்றவங்களுக்கும் இதே கதைதான், போல்ட் ஃபைல் மட்டும் லோட் பண்ணிட்டு சிஎஸ்எஸ்ல இட்டாலிக்னு எழுதினா பிரவுசரே இழுத்துச் சாய்ச்சுடும். ஃபான்ட் சிந்தசிஸ்ங்கிற (font-synthesis) ப்ராப்பர்ட்டியை ‘none’னு போட்டு வச்சா பிரவுசர் அந்த வேலையைச் செய்யாது, ஃபைல் வரலைனா எழுத்து நேராவே நிக்கும், உங்களுக்கும் உடனே தெரிஞ்சிடும். வேரியபிள் ஃபான்ட்ல சாய்வைக் கூட்டிக் குறைக்க தனி அச்சு (axis) இருந்தா ஒரு குழப்பம் வரும், அங்க வலது பக்கம் சாயணும்னா மைனஸ்ல குடுக்கணும், அதாவது மைனஸ் 10, ஆனா சிஎஸ்எஸ்ல ஓப்ளிக்னு எழுதி டிகிரி குடுக்கும்போது பிளஸ் 10.

படி 3: பொய்ச் சாய்வை கண்ணால பிடிக்கக் கத்துக்குங்க

இதுக்கு அரைமணி நேரம் செலவு பண்ணுங்க, அப்புறம் வாழ்நாள் முழுக்க யாரும் உங்களை ஏமாத்த முடியாது. ஜோஸ்ட் போல்ட்ல பெரிய ஓ எழுத்தை பெருசா ஒண்ணு அடிங்க, அதை 12 டிகிரி சாய்ங்க. பக்கத்துலயே ஜோஸ்ட் போல்ட் இட்டாலிக்ல இன்னொரு ஓ அடிங்க. ரெண்டையும் ஸ்கிரீன் முழுக்க பெருசாக்குங்க.

இழுத்துச் சாய்ச்ச ஓவுல மேல் வலது ஓரமும் கீழ் இடது ஓரமும் வீங்கியிருக்கும், மேல் இடதும் கீழ் வலதும் ஒட்டிப் போயிருக்கும். இதுக்கு கணக்கே இருக்கு. ஒரே சீரா 100 யூனிட் தடிமன் உள்ள ஒரு வளையத்தை 12 டிகிரி சாய்ச்சா வீங்குற இடத்துல 111 ஆகும், ஒட்டுற இடத்துல 90 ஆகும். மெலிசான எழுத்துல இது கண்ணுக்கே தெரியாது, தடிச்ச எழுத்துல மூஞ்சில அடிக்கும், அதனாலதான் போல்ட்ல பொய்ச் சாய்வு இவ்வளவு அசிங்கமா இருக்கு. ஏ எழுத்தை அதே மாதிரி பண்ணிப் பாருங்க, இடது கால் மெலிஞ்சு வலது கால் தடிச்சுப் போகும், வி எழுத்துல அப்படியே தலைகீழ், இடது கை தடிச்சு வலது கை மெலியும். எஸ் எழுத்தோட முதுகெலும்பைப் பாருங்க, அது மேல இடதுல இருந்து கீழ வலதுக்கு இறங்குற கோடு, சாய்ச்சா எழுத்தே முன்னாடி குப்புற விழுற மாதிரி நிக்கும். இதையெல்லாம் கையால திருத்தினதுதான் வரைஞ்ச சாய்வு, எழுத்து வரையுறவங்களுக்கு நாம குடுக்குற காசு முக்கால்வாசி இதுக்குத்தான்.

படி 4: என்ன எழுதப் போறீங்களோ அதைக் குறைங்க

தடிச்ச சாய்வுங்கிறது கூட்டத்துல ஒருத்தர் கையைத் தட்டி கூப்பிடுற மாதிரி, ஒரு தடவை தட்டினா எல்லாரும் திரும்புவாங்க, தட்டிக்கிட்டே இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஒரு பக்கத்துல ஒரே ஒரு இடம், ஒண்ணுல இருந்து அஞ்சு ஆறு வார்த்தை வரைக்கும், அவ்வளவுதான் என் கணக்கு. நீங்க எழுதி வச்சிருக்குற வரியில வினைச்சொல் எங்க இருக்குனு பாருங்க. ஓடு, வா, நிறுத்து, ஜெயி, இந்த மாதிரி சொல்லுக்குத்தான் இந்த எழுத்து பொருந்தும். ‘எங்கள் நிறுவனத்தின் சார்பில் அனைவருக்கும் வணக்கம்’னு அதுல போட்டா படிக்கிறவங்களுக்கு மிரட்டுற மாதிரிதான் இருக்கும்.

விளையாட்டு, பைக், ஜிம், தள்ளுபடி, போராட்டம், யூடியூப் தம்ப்நெய்ல், இதுக்கெல்லாம் தயங்காம எடுங்க. அஞ்சலி போஸ்டர், ஆஸ்பத்திரி நோட்டீஸ், மருந்து எப்படி சாப்பிடணும்ங்கிற குறிப்பு, ரெண்டு பத்திக்கு மேல போற எந்த விஷயமா இருந்தாலும் வேண்டவே வேண்டாம். அங்க அவசரப்படுத்துறது மரியாதை கிடையாது.

படி 5: இடைவெளி

ஃபான்ட்டை எடுத்ததோட வேலை முடிஞ்சுதுனு நினைக்காதீங்க, இங்கதான் பாதி வேலை. பெரிய சைஸ்ல தடிச்ச எழுத்து தளர்வா தெரியும், அதனால ட்ராக்கிங்கை (எல்லா எழுத்துக்கும் பொதுவான இடைவெளி) மைனஸ் 10ல ஆரம்பிச்சு மைனஸ் 30 வரைக்கும் இறுக்கிப் பாருங்க, எழுத்து ஒண்ணோட ஒண்ணு முட்டுறதுக்கு ஒரு நூல் முன்னாடி நிறுத்துங்க. ஆனா சிவப்பு மேல வெள்ளை மாதிரி தலைகீழ் நிறத்துல போடுறீங்கன்னா அவ்வளவு இறுக்காதீங்க, வெள்ளை எப்பவும் பரவித் தெரியும், பிரிண்ட்ல சுத்தி இருக்குற மை வேற உள்ள இறங்கும். அப்புறம் ஒவ்வொரு ஜோடியா பாருங்க, ஏவும் வியும் பக்கத்துல வந்தா, எல்லுக்கு அப்புறம் டி வந்தா, அங்க கெர்னிங்கை, அதாவது அந்த ரெண்டு எழுத்துக்கு நடுவுல இருக்குற இடைவெளியை, கையால சரி பண்ணணும். வரி கடைசில ஆச்சரியக்குறி போட்டா அதுவும் அதே இட்டாலிக் ஸ்டைல்ல இருக்கணும், சில பேர் எழுத்தை மட்டும் மாத்திட்டு குறியை நேரா விட்டுடுவாங்க, அது மேல் பக்கம் கடைசி எழுத்தோட மோதும்.

ரெண்டு மூணு வரி வந்தா இன்னொரு விஷயம். இடது பக்கம் நேரா அடுக்கினா சாஞ்ச எழுத்து படிக்கட்டு படிக்கட்டா உடைஞ்ச மாதிரி தெரியும். இதைச் சரி பண்ண ஒரு வழி, இடது ஓரத்தையும் எழுத்தோட அதே கோணத்துல சாய்க்கிறது. எழுத்து 12 டிகிரி, வரிக்கு வரி உயரம் 100 பிக்சல்னா, கீழ் வரியை விட மேல் வரி 21 பிக்சல் வலது பக்கம் தள்ளி ஆரம்பிக்கணும், அதுக்கும் மேல மூணாவது வரி இருந்தா அதுக்கு இன்னொரு 21. கோணம் தெரியலனா கவலைப்படாதீங்க, பெரிய ஹெச் எழுத்தோட காலை ஒட்டி ஒரு கோடு போடுங்க, சாஃப்ட்வேரே டிகிரி சொல்லிடும். பின்னாடி சாஞ்ச பெட்டி, சாஞ்ச பட்டை போடுறவங்களும் இதே கோணத்தை அப்படியே எடுத்துக்கணும், எழுத்து 12லயும் பெட்டி 20லயும் சாஞ்சா ரெண்டும் சண்டை போட்டுக்கும்.

க்ரூகர் மாதிரி நேர்ப் பெட்டிக்குள்ள போடுறீங்கன்னா சாஃப்ட்வேர் சொல்ற நடுவை நம்பாதீங்க. சாய்வுனால மேல் இடது மூலையிலயும் கீழ் வலது மூலையிலயும் காலி இடம் முக்கோணமா மிஞ்சும், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் என்னங்கிறதைப் பொறுத்து அது கூடும் குறையும். தலையைப் பின்னாடி இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒண்ணு ரெண்டு பிக்சல் தள்ளி வைங்க.

படி 6: நிறம்

சுத்தமான சிவப்பு மேல வெள்ளை எழுத்து போட்டா கான்ட்ராஸ்ட் 4க்கு 1தான் வரும். வெப் அணுகல் விதிப்படி சாதாரண எழுத்துக்கு 4.5 வேணும், பெரிய எழுத்துக்கு 3 போதும். அதாவது தடிச்ச பெரிய தலைப்புக்கு அந்தச் சிவப்பு ஓகே, அதே பெட்டிக்குள்ள கீழ சின்னதா தேதியும் இடமும் போட்டீங்கன்னா அது படிக்க வராது. சிவப்பைக் கொஞ்சம் இருட்டாக்கி, ஆர்ஜிபில 204, 0, 0 வச்சா 5.9 கிட்ட வந்துடும், பார்வைக்கு கெத்தும் குறையாது. அப்புறம், எல்லாரும் சிவப்பு வெள்ளை போடுறாங்கனு நீங்களும் போடணும்னு இல்ல, அந்த ஜோடியைப் பார்த்தாலே சுப்ரீம் ஞாபகம் வந்துடும், உங்க பிராண்டு ஞாபகம் வராது. கறுப்பு மேல மஞ்சள் போட்டுப் பாருங்க, இந்த எழுத்துக்கு அவ்வளவு நல்லா இருக்கும்.

படி 7: கூட இருக்குற எழுத்து

தலைப்பு சத்தம் போடுதுன்னா மத்தது எல்லாம் அடங்கி இருக்கணும். அதே குடும்பத்துல ரெகுலர் இல்லனா புக் தடிமன், நேர் எழுத்து, சின்ன சைஸ், போதும்.

தமிழும் இங்கிலீஷும் ஒரே போஸ்டர்ல வந்தா என்ன பண்றது?

நம்ம ஊர்ல வேலை பண்றவங்களுக்கு இது தினமும் வர்ற தலைவலி. தமிழ் ஃபான்ட்கள்ல வரைஞ்ச சாய்வு ரொம்ப அபூர்வம், அதனால எல்லாரும் இழுத்துச் சாய்ச்சுடுறாங்க. தமிழ்ல அந்த இழுவை இங்கிலீஷை விட அதிகமா கெடுக்கும். மேல இருக்குற புள்ளியைப் பாருங்க, அது உயரத்துல இருக்குறதால சாய்வுல ரொம்ப தூரம் வலது பக்கம் நகர்ந்து அடுத்த எழுத்து தலைமேல போய் உக்காந்துக்கும், ‘க்’ல இருக்குற புள்ளி யாரோடதுனு தேடணும். கீ, மீ மாதிரி எழுத்தோட மேல் சுழியும் அப்படித்தான். ண, ஞ, இ எல்லாம் ஏற்கெனவே சுழிக்குள்ள சுழி, பிளாக் தடிமன்ல உள்ள இருக்குற வெள்ளையே ஒரு பொட்டுதான், அதையும் இழுத்தா அடைஞ்சு போகும்.

நான் சொல்ற வழி, தமிழை நேராவே நிக்க விடுங்க. அனேக் தமிழ்னு (Anek Tamil) ஒரு எழுத்து இலவசமா கிடைக்குது, ஏக் டைப்ங்கிற எழுத்து வடிவமைப்பாளர்கள் பண்ணது, அதுல தடிமன் மட்டும் இல்லாம அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், நல்லா ஒடுக்கி நல்லா தடிக்க வச்சா இங்கிலீஷ் சாய்வுக்குப் பக்கத்துல சரிசமமா நிக்கும். வேகம் காட்டணும்னா எழுத்துக்குப் பின்னாடி இருக்குற பட்டையைச் சாய்ங்க, எழுத்தை விட்டுடுங்க. இங்கிலீஷும் தமிழும் சேர்ந்தே வர்ற கட்டமரான் (Catamaran) ஃபான்ட்ல ஒன்பது தடிமன் இருக்கு, ரெண்டு மொழியும் ஒரே கையெழுத்துல இருக்கணும்னா அது. இல்ல, தமிழ் சாஞ்சேதான் தீரணும்னு கிளையன்ட் நிக்குறாருன்னா 6, 7 டிகிரிக்கு மேல போகாதீங்க, எழுத்தை கர்வ்ஸா (டைப் பண்ண முடியாத வெறும் கோட்டு வடிவமா) மாத்திட்டு புள்ளிகளை ஒவ்வொண்ணா அதோட எழுத்துக்கு மேல திருப்பிக் கொண்டு வாங்க, சுழிகளை கையால திறந்து விடுங்க. நம்ம சுவர் விளம்பர ஓவியர்கள் இதை கோடு போட்டு, பிரஷ்ல, ஒவ்வொரு எழுத்தையும் சாய்வுலயே யோசிச்சு எழுதுவாங்க, அவங்க சுவர்ல சாஞ்ச ‘ழ’ எங்கயும் தடுமாறாது. ரோட்டுல எங்கயாவது அப்படி ஒரு சுவர் இன்னும் மிச்சம் இருந்தா நின்னு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, அதை விட நல்ல பாடம் எந்த டியூட்டோரியல்லயும் கிடையாது.

அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி

ஃப்ளெக்ஸ் கடைக்கோ பிரஸ்ஸுக்கோ ஃபைல் அனுப்பும்போது எழுத்தை கர்வ்ஸா மாத்தி அனுப்புங்க, இல்லனா அவங்க சிஸ்டம்ல உங்க போல்ட் இட்டாலிக் இருக்காது, கோரல் வேற எதையாவது எடுத்துப் போட்டுக்கும். மாத்துறதுக்கு முன்னாடி எடிட் பண்ற காப்பி ஒண்ணு தனியா சேவ் பண்ணி வைங்க, கடைசி நேரத்துல தேதி மாறும். ஜெர்சிக்கும் வண்டிக்கும் ஸ்டிக்கர் கட்டிங் குடுக்குறவங்க எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா வெல்ட் பண்ணி, அதாவது ஒரே வடிவமா சேர்த்துக் குடுங்க, இல்லனா பிளேடு ஒட்டின இடத்துக்குள்ளயும் ஓடி வெட்டிடும். கூர் மூலைகள் துவைக்க துவைக்க முதல்ல உரியும், அதனால மூலையை ஒரு துளி மழுக்கி விடுங்க, பார்வைக்குத் தெரியாத அளவு. முழு பேரையும் வெட்டுறதுக்கு முன்னாடி எஸ் எழுத்தை மட்டும் ஒண்ணு வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்க, அது கிழியாம உரிஞ்சு வந்தா மிச்சத்தை ஓட விடலாம்.